கரையிலிருந்து வீசிய உருண்டைகள்

கௌதம், கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், இதை எழுதுவது உன் தங்கை விசாகா. சொல்வது நான். என் கண்ணுக்கு இப்போது தாளில் இருக்கும் கோடுகூடச் சரியாகத் தெரிவதில்லை. போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். நீ பேச ஆரம்பித்தால் நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். போன வாரமும் அதுதான் நடந்தது. அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதட்டும், முடிந்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினாள்.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அபார்ட்மெண்ட் குளத்தில் விசாகா அளவு தெரியாமல் உரம் போட்டுவிட்டாள், தண்ணீர் கெட்டு மீனெல்லாம் செத்துவிட்டது, அவளை இனி கேட்டுக்குள் விடமாட்டோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார், என் வேலை மட்டும் தப்பித்தது. உனக்கு மட்டும் இல்லை, இங்கே எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். ஆனால் உரம் போட்டது அவள் இல்லை, நான். பழியை அவள் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்கள் கூட்டத்தில் அவள் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அது முடிந்ததும் கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் போனில் அவள் பெயரைத் தடுத்துவிடுவார்கள். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் கடைசிவரை படி.

அந்தக் குளத்தை நீ ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாய். கிளப் ஹவுஸ் முன்னால் நின்று தாமரை தெரியும்படி செல்ஃபி எடுத்துக்கொண்டு போனாய். குளம் என்று சொல்கிறோமே தவிர, சிமெண்ட்டில் கட்டி உள்ளே நீலப் பெயிண்ட் அடித்த பெரிய தொட்டி அது. இறங்கினால் தொடைவரை தண்ணீர். தாமரையும் அல்லியும் அதன் தரையில் முளைப்பதில்லை. அகலமான பிளாஸ்டிக் டப்புகளில் களிமண் நிரப்பி, கிழங்கை நட்டு, மீன் கிளறாமல் இருக்க மேலே கூழாங்கல் பரப்பி, டப்போடு தண்ணீருக்குள் இறக்கி வைத்திருக்கிறோம். இந்தச் செடிகளுக்குச் சோறு போடுவது தரையில் இருக்கும் செடிக்குப் போடுவதுபோல இல்லை. ரோஜாவுக்கு உரத்தைத் தூவித் தண்ணீர் ஊற்றினால் போதும். இங்கே தூவினால் செடி சாப்பிடாது. எல்லாம் தண்ணீரில் கரைந்து, சில நாளில் பாசி பிடித்துக் குளமே பச்சையாகிவிடும். கடலைப் புண்ணாக்குத் தூளையும் எலும்புத் தூளையும் களிமண்ணில் பிசைந்து எலுமிச்சை அளவில் உருட்டிக் காயவைத்து, கூழாங்கல்லை விலக்கி, டப்பின் ஓரத்தில் மணிக்கட்டுவரை கையை இறக்கி அழுத்திப் புதைக்க வேண்டும். குருத்துக்குப் பக்கத்தில் படக்கூடாது, பட்டால் கிழங்கு அழுகும். ஆரம்பத்தில் நல்ல கிழங்கு ஒன்றை அப்படி அழுகவிட்டுத்தான் நானும் கற்றுக்கொண்டேன். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு, தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் தோட்ட வேலையில் வந்து நின்றவன் நான். எனக்கு மண்ணுக்கு அடியில் இறங்கத் தெரியும். தண்ணீரில் இறங்குவது வேறு வேலை.

போன வருஷம் என் கால் விரலில் வந்த புண் ஆறவே இல்லை, அது உனக்குத் தெரியும். இந்தக் காலோடு குளத்தில் இறங்கினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து விசாகாதான் இறங்குகிறாள். வேலைப் பதிவில் என் பெயர், தண்ணீரில் அவள் கால். முதல் நாள் உன் பழைய டிராக் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கரையிலேயே நின்றாள்.

"தண்ணில பாம்பு இருக்குமாப்பா?"

"இருந்தா அதுவே உன்னப் பாத்துட்டு ஓடிரும்."

"நான்தான் ஒண்ணும் பண்ண மாட்டேனே."

"அத பாம்பாண்ட சொல்லு."

"மனுஷங்களாண்டயே நான் பேசறதில்ல" என்றாள். சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகு அவளைக் கரையேற்றுவதுதான் கஷ்டமாகிவிட்டது. பழுத்த இலையை மேலே கிள்ளாமல், தண்டைத் தடவிக்கொண்டே போய் அடியில் வெட்டுவாள். வாடிய பூ தண்ணீரில் மூழ்கி அழுகுவதற்குள் எடுத்துவிடுவாள். அல்லி இலையில் செடிப்பேன் பிடித்தால் மருந்து அடிக்காமல் பைப்பால் அடித்துப் பேனைக் குளத்தில் தள்ளிவிடுவாள், மீன் வந்து தின்றுவிடும். கொஞ்ச நாள் நான் கரையில் உட்கார்ந்து சொன்னேன், அவள் செய்தாள். பிறகு அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன். வாக்கிங் வருகிறவர்கள் எதையாவது கேட்டால் மட்டும் என் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். நான்தான் பதில் சொல்வேன். அவள் எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். உண்மைதானே என்று கேட்டேன். எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

இவள் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி நீயும் நானும் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. நாம் தங்கவயலை விட்டு இங்கே வந்தபோது நீ காலேஜ் போய்விட்டாய். இவளைக் கன்னட மீடியத்தில் சேர்த்தேன், பக்கத்தில் இருந்தது அதுதான். தமிழில் படித்த பிள்ளையை டீச்சர் எழுப்பி, கன்னடப் பாடத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள். மறுநாளும் எழுப்பியிருக்கிறார், மறுநாளும் நின்றிருக்கிறாள். டீச்சர் கெட்டவர் இல்லை, பழக்கிவிடலாம் என்றுதான் எழுப்பியிருப்பார். ஒன்பதாவது பாதியில் வயிற்று வலி என்று வீட்டில் இருந்தவள் பிறகு போகவே இல்லை. நான் திட்டவும் இல்லை, அழைத்துக்கொண்டுபோய் விடவும் இல்லை. உனக்குப் பரீட்சை சமயம். வீட்டில் சமைக்க ஆள் இருந்தது வசதியாகத்தான் இருந்தது. ஒருத்தி சும்மா இருந்தால் அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வீட்டில் இருக்கும் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி என்னை எல்லோருக்கும் கார்டன் சூப்பர்வைசர் என்று அறிமுகப்படுத்தினார். நீதான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாய். நான் மறுக்கவில்லை, கேட்க நன்றாக இருந்தது. விகாரையில் மணமக்கள் புத்தர் முன்னால் வைக்கிற பூவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, "தாமரைய என்னாண்ட விடுங்க, நம்ம குளத்துலேர்ந்தே கொண்டாறேன்" என்று நான் சொன்னேன். நம்ம குளம். பத்துப் பேர் முன்னால் அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. சம்பந்தி அம்மா, "இத்தன பூ வேணும்னா உங்களுக்குக் கஷ்டமில்லையா?" என்று கேட்டார். கஷ்டமே இல்லை என்றேன்.

நிச்சயம் முடிந்து இங்கே வந்து பார்த்தால் குளத்தில் மொட்டு இல்லை. இலை மட்டும் குடைபோல நிற்கிறது. இந்தக் கோடையில் டேங்கர் தண்ணீர் சரியாக வரவில்லை; அதனால் குளத்துக்கும் எஸ்டிபி தண்ணீரை விடச் சொல்லிவிட்டார்கள். எல்லா வீட்டுக் குளியலறைத் தண்ணீரையும் கழிவையும் மெஷினில் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுகிறார்களே, அந்தத் தண்ணீர். அதில் ஏற்கெனவே சத்து இருக்கிறது. அந்தச் சத்தில் இலைதான் வரும், பூ பிறகுதான் வரும். விசாகா அதைப் பார்த்துவிட்டு உரம் போடுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஒரு தடவ உருண்ட வெச்சிரும்மா" என்றேன்.

"வேணாம்பா. தண்ணியே கொழகொழன்னு இருக்குது. இன்னும் போட்டா மீனுக்கு மூச்சு முட்டும்."

"கல்யாணத்துக்குப் பூ வேணுமே."

"பூ வரும்போது வரும்."

"சம்பந்தியாண்ட சொல்லிட்டேன்மா."

"அப்ப சம்பந்திய வந்து குளத்துல நிக்கச் சொல்லு" என்றாள். வீட்டில் என்னிடம் மட்டும் இப்படிப் பேசுவாள்.

மறுநாள் மத்தியானம் அவள் என் மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருந்தாள். நான் ஒரு பை நிறைய உருண்டை உருட்டி எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். கால் நனையக்கூடாது, அதனால் இறங்க முடியாது. டப்பு எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். கண் தெரியாவிட்டாலும் கை போய்விடும் என்று நினைத்தேன். கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டப்பைப் பார்த்து வீசினேன். விழுகிற சத்தத்தை வைத்து இது சரியாக விழுந்தது, இது ஓரமாகப் போனது என்று கணக்குப் போட்டேன். ஓரமாகப் போனதாகத் தோன்றியதற்குப் பதிலாக இன்னொன்று வீசினேன். பை காலியாகிவிட்டது. செடி வேலை செய்கிறவன் யாரும் இப்படிச் செய்யமாட்டான். எனக்கு அது தெரியாமல் இல்லை. பூவை மட்டும் நினைத்துக்கொண்டு செய்தேன். டப்புகளை அவள் போன மாதமே இடம் மாற்றி வைத்திருந்தாள், வெயில் எல்லாவற்றுக்கும் படட்டும் என்று. என்னிடம் சொல்லவும் சொன்னாள். நான் மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் நாங்கள் உள்ளே போகும்போதே நாற்றம் வந்தது. புண்ணாக்கெல்லாம் தரையில் ஊறி நுரைத்துக்கொண்டிருந்தது. மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. உயிரோடு இருந்த கொஞ்சம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு குழந்தை ஸ்கூல் யூனிஃபார்மோடு நின்று ஒவ்வொரு மீனையும் பெயர் சொல்லி அழைத்து அழுதது. அதன் அம்மா ஆங்கிலத்தில் யாரையோ திட்டினார். மேனேஜர் வலையை விட்டு ஊறிப்போன உருண்டை ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, "ஏனப்பா இது? யாரு ஹாகித்து?" என்று கேட்டார். என்ன இது, யார் போட்டது என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உன் கல்யாணம் ஞாபகம் வந்தது, நாம் இருக்கும் அறை ஞாபகம் வந்தது. காம்பவுண்டுக்கு வெளியே பின் சந்தில் இருக்கிற அந்த அறையும் இந்த வேலையோடு சேர்த்துக் கொடுத்ததுதான். வேலை போனால் அதுவும் போகும்.

"நானே ஹாகித்து சார்."

யார் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த விசாகா முன்னால் வந்திருந்தாள். அவள் கன்னடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழகாகச் சொன்னாள், கௌதம். தடுமாறவே இல்லை. யார் சொல்லிப் போட்டாய் என்று மேனேஜர் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன், அப்பாவுக்குத் தெரியாது என்றாள். அதையும் கன்னடத்திலேயே சொன்னாள். சொன்னது அத்தனையும் பொய். அத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்து பேசியது அந்தப் பொய் ஒன்றைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ சொல்றதுக்குள்ள சொல்லிடணும்னு தோணுச்சு."

"நானே சொல்லியிருப்பேன்மா."

சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். விசாகா இப்படி ஒரு தப்புச் செய்துவிட்டாளாமே என்று நீயே ஆரம்பித்தாய், யார் உனக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. "அவ சின்னப் பொண்ணுப்பா. நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. ஒரு ஸாரி கேட்டா முடிஞ்சிச்சு. நீ மட்டும் வேலைய விட்டுடாத. கல்யாணம் முடியட்டும்" என்றாய். நீ சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நீ ஹைதராபாத்தில் ஒற்றை ஆளாகச் சம்பாதித்துக் கல்யாணச் செலவைப் பார்க்கிறாய். ஆனால் நீ அதைச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மகனே சொல்லிவிட்டான், இனி நான் யோசிக்க வேண்டியதில்லை என்று இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். அவள்தான் பரிமாறினாள். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நிம்மதி என்னுடையது.

மறந்துவிடுவார்கள் என்று நீ சொன்னது நடக்காது. இங்கே கேட்டில் எல்லாமே போனில்தான். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர், எங்களைப் போன்றவர்கள் எல்லோருடைய போட்டோவும் அதில் இருக்கிறது. ஒருத்தர் பெயரைச் சிவப்பாக்கிவிட்டால் இந்த ரோட்டில் இருக்கும் எல்லா அபார்ட்மெண்ட்டிலும் அது சிவப்பாகத்தான் தெரியுமாம். எதிர் அபார்ட்மெண்ட்டில் ஒரு அம்மா தன் வீட்டுத் தோட்டத்தில் புதிதாகக் குளம் கட்டியிருக்கிறார். இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் நம் குளத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்து செடியைப் பார்த்துக்கொள்கிறாயா என்று இவளைத்தான் கேட்டார். என்னை இல்லை. இவளும் என் பக்கம் திரும்பாமல் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, அங்கே எந்தெந்த அல்லி வைக்கலாம், எந்த மூலையில் வெயில் விழும் என்று சாப்பிடும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த அம்மா வீட்டு கேட்டிலும் இவளை விடமாட்டார்கள். இவளுக்கென்று கிடைத்த முதல் வேலை அது. படிப்பு இல்லை, நாலு பேரிடம் பேசி வேறு வேலை தேடும் சாமர்த்தியமும் இல்லை. இது போனால் கம்பெனியில் பெட்டி அடுக்கப் போகலாம் என்பாய். போகலாம். இவளும் மறுபேச்சில்லாமல் போவாள்.

இத்தனைக்குப் பிறகும் தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் இவள் கேட்பது குளத்தைப் பற்றித்தான். "தண்ணிய முழுசா எடுத்தாங்களா? டப்ப நிழல்ல வெச்சு ஈரச் சாக்குப் போடச் சொன்னியா? பிளீச்சிங் பவுடர் போட வேணாம்னு சொன்னியா?" சொன்னேன். என் பேச்சை இப்போது யார் கேட்கிறார்கள்? பவுடரைப் போட்டுக் கழுவி, வாடை போவதற்குள் செடியை இறக்கிவிட்டார்கள். அல்லி இலையெல்லாம் ஓரம் கருகி நிற்கிறது. அதை மட்டும் இவளிடம் மறைத்திருந்தேன். இப்போது எழுதச் சொல்லும்போதுதான் இவளுக்குத் தெரிகிறது. அந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கிழங்கு பொழச்சுக்கும்" என்றாள் பிறகு. எனக்குச் சொன்னாளா தனக்குச் சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பா நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் நான் செய்யாமல் விட்டது. உன் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் வந்து, வலி எப்படி இருக்கிறது என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "இப்ப பரவால்ல சார்" என்று நான் சொன்னேன். அவள் வாய் திறக்கக் கொஞ்சம் நேரமாகும், டாக்டருக்கு அவசரம், அதனால் நான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. எத்தனை வருஷமாக அவளுக்காக நான் பதில் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தும் என்ன, அதே வேலையை இவளுக்கும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். உன் மனைவியை யாராவது ஏதாவது கேட்டால் நீ வாயை மூடிக்கொண்டு இரு. அவள் சும்மா இருந்தால் சரி என்று சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று கரையில் உட்கார்ந்து எதையும் வீசாதே. இறங்கி, எங்கே என்ன வேண்டும் என்று கையால் தடவிப் பார்த்துச் செய். இறங்க முடியாவிட்டால், இறங்க முடிந்தவள் சொல்வதைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து, உருண்டையை வீசியது நான்தான் என்று சொல்லப் போகிறேன்.

இந்த வரியை நான் சொன்னதும் விசாகா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள். பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சையும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

"எழுதும்மா."

"மாட்டேன்."

"ஏன்?"

"எழுதி அனுப்பிட்டா நீ சொல்லப் போறது அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நீ போய்ச் சொல்லியே ஆகணும்."

"அதுக்குத்தானே எழுதச் சொல்றேன்."

"ரூம் போயிடும்பா. கல்யாணத்துக்கு வர்றவங்க எங்க எறங்குவாங்க?"

"இந்தப் பொம்மசந்திராவுல வேற ரூமே இல்லையா? பாத்துக்கலாம்."

"பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"தோட்டத்துல மாலி வேல செஞ்சவன் தப்புப் பண்ணான், வேல போச்சுன்னு நெனப்பாங்க. அதான நெஜம்?"

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்குத்தான் நான் எல்லார் முன்னாடியும் பேசினேன். நீ போய் அது பொய்யின்னு சொல்லப் போற" என்றாள்.

கௌதம், எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. "ஆமாம்மா. அது பொய்தான்" என்றேன். சொல்லும்போதே அவளிடமிருந்து எதையோ பிடுங்குவதுபோல இருந்தது. பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. யாரோ பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் அவளுக்காக எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். நீண்ட நேரம்.

"சரி. ஆனா நீ தனியாப் போகக் கூடாது" என்றாள் கடைசியில்.

"நீ எதுக்கு? உன்னத்தான் எல்லாரும் பாப்பாங்க."

"நீ கன்னடம் பேசினா, மீன நான் கொன்னேன்னு சொல்றதுக்குப் பதிலா மீன் என்னக் கொன்னுச்சுன்னு சொல்லுவ. நான் பக்கத்துல நின்னு சொல்றேன். எதிர் அபார்ட்மெண்ட் அம்மாகிட்டயும் நானே போய்ச் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். மேலே இருக்கும் அந்த வரியை அவள்தான் எழுதியிருக்கிறாள், பார்த்துக்கொள்.

நாங்கள் சொல்வதைக் கேட்டு அவர்கள் இவள் பெயரை விட்டுவிடுவார்களா, தெரியாது. ஒரு தடவை பொய் சொன்னவள் என்று அதற்காகவே தடுத்தாலும் தடுப்பார்கள். என் வேலை போவது மட்டும் நிச்சயம். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு நீயே போன் செய்து, அப்பா சூப்பர்வைசர் இல்லை, மாலி, இப்போது அதுவும் இல்லை என்று சொல்லிவிடு. நான் சொன்னால் அவர்கள் எனக்காக வருத்தப்படுவார்கள், நீ சொன்னால் உன்னை நம்புவார்கள். தாமரையைச் சிட்டி மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். காலையிலேயே போனால் நல்ல மொட்டாகக் கிடைக்கும்.

ஞாயிறு சாயங்காலம் இந்த நம்பருக்கே கூப்பிடு. என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதே, விசாகாவிடம் போனைக் கொடுக்கச் சொல். நீ கேட்டதும் அவள் பேசமாட்டாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று உனக்குத் தோன்றும். ஹலோ ஹலோ என்று கத்தாதே, வைத்துவிடவும் செய்யாதே. அவளே ஆரம்பிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திரு.